மூக்குச் சத்திரசிகிச்சையும் மூச்சின் காவலும்: தனியார் வைத்திய நிலையங்களைப் பதிவு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

தனியார் சுகாதாரச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் பேரவையின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கும், மத்திய, ஊவா மாகாணங்களின் சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். மலையகத்து அரச வைத்தியசாலைகளில் 31 வருடங்கள் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி, அவற்றுள் 19 வருடங்களைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து நிபுணர்களின் பக்கத்தில் நின்று கழித்து ஓய்வுபெற்ற ஒருத்தி இந்த மடலை எழுதுகிறேன். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டத்தின்படி ஒவ்வொரு தனியார் நிலையமும் ஆண்டுதோறும் தன் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள உங்களிடம் வந்தாக வேண்டும். அப்படி வருகிறவர்களுள் அழகுக்காக மூக்குச் சத்திரசிகிச்சை செய்கிறவர்களிடம், மயக்க மருந்தையும் நோயாளியின் சுவாசப் பாதையையும் யார், எதைக்கொண்டு, எவ்வளவு நேரம் காக்கிறார்கள் என்று கேட்டு, அதை நேரிலும் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதை எழுத வைத்தது என் அண்ணன் மகளுக்கு நேர்ந்தது. அவளுக்கு 26 வயது. தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுகிறாள். ஒரு பெண்ணைப் புகழ்வதென்றால் "மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்பது நம்மவர் வழக்கம். எட்டு வயதில் பீலிக்கரையில் வழுக்கி விழுந்து மூக்குத்தண்டு வளைந்துபோன பிள்ளைக்கு அந்த வார்த்தை எத்தனை வருடங்களாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது என்பதை, அவள் சீட்டுக் கட்டிக் காசு சேர்த்து, திகதியும் குறித்துக்கொண்டு வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் அறிந்தோம். அவள் எடுத்த முடிவை அன்று நான் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். தன் முகத்தைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை அவளுடையது. அதைப் பழுதின்றி நிறைவேற்றிக் கொடுக்கும் கடமை காசு வாங்கியவர்களுடையது.

முதல் நாள் இரவு தொலைபேசியில், "மயக்கம் குடுக்க மாட்டாங்களாம் அத்தை, தூக்க ஊசி மட்டுந்தானாம், பின்னேரமே வீட்டுக்குப் போயிறலாமாம்" என்றாள். அந்த ஊசியை ஏற்றப்போவது யார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, அவளிடம் எவரும் சொல்லியிருக்கவுமில்லை. அந்தப் பதிலைக் கேட்ட மாத்திரத்தில் நான் விடியற்காலை பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்பதை நினைக்காத நாள் இல்லை.

பின்னர் நடந்தவற்றை, எங்கள் கைக்குக் கிடைத்த கடதாசிகளிலிருந்தும், அங்கே நின்ற ஒருவர் மனச்சாட்சிக்குப் பயந்து சொன்னவற்றிலிருந்தும் அறிந்துகொண்டோம். மயக்க மருந்து நிபுணர் எவரும் அந்த அறையில் இருக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்தவரே சொல்லச் சொல்ல, ஒரு தாதி தூங்க வைக்கும் மருந்தான மிடசோலமும் வலுவான வலிநீக்கியான ஃபென்டனிலும் ஏற்றியிருக்கிறார். சுவாசப் பாதையில் எந்தக் குழாயும் இல்லை. எலும்பைத் தட்டி நேராக்கத் தொடங்கியதும் இரத்தம் மூக்கின் பின்புறத்தால் தொண்டைக்கு வடிந்தது. அவள் இருமினாள், அசைந்தாள். அசையாமலிருக்க மேலும் மருந்து ஏற்றப்பட்டது. இருமல் நின்றது. சற்று நேரத்தில் தொண்டையில் தேங்கிய இரத்தம் குரல்வளையைத் தொட, குரல் நாண்கள் இறுகி மூடிக்கொண்டன. விரலில் மாட்டியிருந்த ஒக்சிமீற்றர் அதுவரை 97 காட்டிக்கொண்டிருந்ததாம். அது கீழிறங்கத் தொடங்கியபோதுதான் மூச்சு நின்றுபோன விடயமே அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. அதே கட்டடத்தின் வேறொரு மாடியில் சிசேரியன் முடித்துவிட்டு உடை மாற்றிக்கொண்டிருந்த ஒரு மயக்க மருந்து நிபுணர் ஓடிவந்து, தசையைத் தளர்த்தும் ஊசியை ஏற்றி, குழாயைச் செலுத்தி அவளை மீட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்று அவள் நலமாக இருக்கிறாள். அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முறைப்பாடு உரிய வழியில் போயிருக்கிறது. ஒரு நிலையத்தைத் தண்டிப்பதோடு முடிகிற விடயமாக இருந்திருந்தால் இந்த மடலுக்குத் தேவையும் இருந்திராது.

மூக்குச் சத்திரசிகிச்சையைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கைமுறிவுக்கோ குடலிறக்கத்துக்கோ சத்திரசிகிச்சை செய்யும்போது வைத்தியர் உடலின் ஒரு பக்கத்தில் நிற்பார், மயக்க மருந்து நிபுணர் தலைமாட்டில் நோயாளியின் மூச்சைக் காத்துக்கொண்டு நிற்பார். மூக்கில் வேலை நடக்கும்போது இருவருக்கும் இடம் ஒன்றுதான். வெட்டப்படுவதும், இரத்தம் கசிவதும், மூச்சு போய்வருவதும் ஒரே வழியில். முகம் முழுவதும் துணி போர்த்தியிருப்பதால் உதடு நீலமாகிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்கவும் வசதி குறைவு. மூக்கைச் சீர்செய்யும் கலை நமது துணைக்கண்டத்தில் சுஸ்ருதர் காலத்திலிருந்தே அறியப்பட்டது. அந்நாளில் மதுவைக் குடித்து அரைகுறை நினைவோடு கிடந்த நோயாளி வலியை அனுபவித்தார். ஆனால் தொண்டைக்கு வந்த இரத்தத்தைத் தானே துப்பினார், தானே இருமினார், தன் மூச்சுக்குத் தானே காவலாக இருந்தார். நாம் மருந்து கொடுத்து அந்தக் காவலைக் கழற்றிவிடுகிறோம். கழற்றியவர் அந்த இடத்தில் தாம் காவல் நின்றாக வேண்டும், விழிப்பு வரும் வரை அகலவும் கூடாது.

மூக்கெலும்பை வெட்டித் திருத்தும் அளவுக்குப் போகிற சத்திரசிகிச்சையில், பழகிய மயக்க மருந்து நிபுணர்கள் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவதையே விரும்புவார்கள். கீழுதட்டுக்கு மேலாக வளைந்து நாடிப் பக்கம் இறங்கும்படி முன்கூட்டியே வளைத்துச் செய்யப்பட்ட குழாய் இதற்கென்றே இருக்கிறது. வைத்தியரின் கைக்கு அது இடைஞ்சலாக இராது. குழாயின் நுனியிலுள்ள சிறு பலூன் ஊதியதும், மேலிருந்து வடியும் இரத்தம் நுரையீரலுக்குப் போகும் வழி அடைபடும். குரல்வளைக்கு மேலே தொண்டையில் அமர்ந்து மூச்சுக்கு வழி தரும், வளையும் தன்மையுள்ள லரிஞ்சியல் மாஸ்க்கைப் பயன்படுத்துகிற, அதில் கைதேர்ந்த நிபுணர்களும் உண்டு. மூக்கின் நுனியில் மட்டும் செய்யப்படுகிற சிறு திருத்தத்தை, நோயாளி முழு நினைவோடிருக்க, மரக்கச் செய்யும் ஊசி மட்டும் போட்டுச் செய்வதும் ஏற்கத்தக்கதே. எனக்கு அச்சமூட்டுவது இவற்றுக்கு இடைப்பட்ட முறை: இருமக்கூட முடியாத அளவுக்குத் தூக்கம், தொண்டையில் இரத்தம், மூச்சுக்குழாய்க்கு எந்தக் காப்பும் இல்லை. "மயக்கம் இல்லை, தூக்க ஊசி மட்டும்" என்று மலிவாகவும் இலகுவாகவும் விற்கப்படுவது பல வேளைகளில் இந்த இடைப்பட்ட முறைதான். முழு மயக்கத்தை விட இது இலேசானது என்று மக்கள் நம்புகிறார்கள். என் அண்ணன் மகளும் அதையே நம்பினாள்.

இனி ஒக்சிமீற்றரைப் பற்றி. கொவிட் காலத்துக்குப் பிறகு அதை அறியாத வீடில்லை. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அது வந்த பிறகு எத்தனையோ உயிர்கள் தப்பின. ஆனால் அது காட்டுவது இரத்தத்தில் மிச்சமிருக்கும் ஒட்சிசனின் அளவை. நோயாளி இந்த நிமிடம் மூச்சு விடுகிறாரா என்பதை அது காட்டாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலையுச்சி ஊற்றிலிருந்து வருகிற குழாய் உடைந்துபோனாலும், தாங்கியில் தண்ணீர் இருக்கும் வரை பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டேயிருக்கும். குடம் பிடிக்கிறவருக்கு உடைப்பு தெரியாது, தாங்கி வற்றிய பிறகே தெரியும். மேலதிக ஒட்சிசன் கொடுக்கப்பட்டிருக்கும் நோயாளியின் உடலும் அப்படித்தான். மூச்சு நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு ஒக்சிமீற்றர் நல்ல இலக்கத்தையே காட்டக்கூடும். அது கீழிறங்கும்போது கையிலிருந்த நேரத்தில் பெரும்பகுதி கடந்துவிட்டிருக்கும்.

ஊற்றுக் குழாயையே கவனிக்கும் கருவி கப்னோகிராஃப். வெளியே வரும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அது ஒவ்வொரு மூச்சுக்கும் அளந்து திரையில் அலையாக வரையும். மூச்சு நின்றால் அடுத்த மூச்சுக்கான இடத்திலேயே அலை தட்டையாகிவிடும். குழாய் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தவறி இரைப்பைக்குப் போயிருந்தாலும் சில நொடிகளில் காட்டிக்கொடுக்கும். பிரித்தானியாவில் மயக்க மருந்து நிபுணர்களின் அரச கல்லூரியும் கடினச் சுவாசப்பாதைச் சங்கமும் சேர்ந்து நடத்தி 2011 இல் வெளியிட்ட நான்காவது தேசியக் கணக்காய்வு, ஆண்டொன்றுக்குச் சுமார் 29 இலட்சம் முழு மயக்கங்கள் கொடுக்கப்படும் அந்த நாட்டில் சுவாசப் பாதையில் நேர்ந்த பெரும் ஆபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. மயக்க மருந்தின்போது நேர்ந்தவை மட்டும் 133. அவற்றில் 16 மரணங்கள். கப்னோகிராஃப் இல்லாமையும், அது காட்டியதைச் சரியாக வாசிக்காமையும் உயிரிழப்புகளுக்குக் காரணமாயிருந்ததை அந்த அறிக்கை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் சங்கத்தின் தரநிலைகளில், மிதமான தூக்க ஊசிக்கும் ஆழமான தூக்க ஊசிக்கும் கூட இந்தக் கருவி வேண்டும் என்ற விதி 2011 முதல் இருக்கிறது. கொழும்பிலும் கண்டியிலும் மூக்குச் சத்திரசிகிச்சைக்கு இலட்சக்கணக்கில் வாங்குகிற நிலையங்கள் இந்த ஒரு கருவியை வாங்க முடியாது என்று சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன்.

கருவி மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு, எங்கள் தொழிலிலிருப்போர் மறக்கக் கூடாத ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2005 மார்ச் 29 ஆம் திகதி இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற 37 வயதுத் தாய், மூக்கு, சைனஸ் சம்பந்தமான வழக்கமான ஒரு சத்திரசிகிச்சைக்காக மயக்கமாக்கப்பட்டார். ஆரோக்கியமானவர், இரண்டு சிறு பிள்ளைகள். மருந்து ஏற்றியதும் சுவாசப் பாதை மூடிக்கொண்டது. மாஸ்க்கால் காற்று ஏற்ற முடியவில்லை, குழாயும் போகவில்லை. அறையில் அனுபவம் மிக்க மூன்று நிபுணர்கள் இருந்தார்கள். இருந்தும், குழாயைச் செலுத்திவிடலாம் என்ற ஒரே முயற்சியில் அவர்கள் 20 நிமிடங்களுக்கு மேல் மூழ்கிப்போனார்கள்; ஒட்சிசன் அளவோ 40 சதவீதத்தில் கிடந்தது. கழுத்தின் முன்பக்கத்தைத் திறந்து காற்றுக்கு வழி செய்யும் கருவித் தட்டை ஒரு தாதி கொண்டுவந்து, தயார் என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கேட்டு வைத்தார். இரண்டு சொல்லும் காதில் ஏறவில்லை. எலைன் 13 நாட்களின் பின்னர் காலமானார். விமானியாக இருந்த அவரது கணவர் மார்ட்டின் புரோமிலி எவரையும் சிறைக்கு அனுப்பக் கேட்கவில்லை. விமானத்துறையில் ஒவ்வொரு விபத்தையும் ஆராய்ந்து பாடம் எடுப்பதுபோல் இதையும் ஆராயுங்கள் என்று கேட்டார். 2007 இல் அதற்கென ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

தட்டைக் கையில் ஏந்தி நின்ற அந்தத் தாதியை நான் எத்தனையோ இரவுகளில் நினைத்திருக்கிறேன். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. உரத்துச் சொல்ல இடமிருக்கவில்லை. நமது கூடங்களில், பெரிய வைத்தியருக்கு முன்னால் வாய் திறப்பதே மரியாதைக் குறைவு என்று பழக்கப்பட்ட எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடம் இன்னும் குறைவு. அதுவும் தோட்டத்திலிருந்து படித்து வந்து, தனியார் நிலையத்தில் நிரந்தரமில்லாத வேலையில் நிற்கிற ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு எவ்வளவு குறைவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டல், குழாய் செலுத்த மூன்று முயற்சி, அதற்கு மேல் இன்னும் கைதேர்ந்த ஒருவர் வந்தால் ஒரே ஒரு முயற்சி, அதோடு நிறுத்தி அடுத்த வழிக்குப் போக வேண்டும் என்று தெளிவாக எல்லை கட்டியிருக்கிறது. அந்த வரைபடம் மயக்க மருந்து மேசைக்கு மேலே, அறையிலுள்ள கடைசித் தாதியும் வாசித்து "மூன்று முடிந்தது ஐயா" என்று சொல்லத்தக்கதாகத் தொங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2008 ஆம் ஆண்டுச் சரிபார்ப்புப் பட்டியலிலும், கடினமான சுவாசப் பாதையா, அதற்கு ஆயத்தம் உண்டா என்ற கேள்வி மயக்கத்துக்கு முன்பே வருகிறது. 19 விடயங்களைக் கொண்ட அந்த ஒரு தாளை எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் பரீட்சித்தபோது மரண வீதம் 1.5 இலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தத் தாளில், எழுதுமேசையிலிருந்து எழும் முன்பே எல்லாக் கட்டங்களுக்கும் சரி போட்டு முடித்த கோப்புகளை நான் கண்டிருக்கிறேன். உங்கள் பரிசோதகர்கள் கோப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதுவும் ஒழுங்காகவே தெரியும்.

சத்திரசிகிச்சை முடிகிற வேளைதான் மூக்கு விடயத்தில் எனக்கு எப்போதும் அதிகப் பயம் தருவது. வைத்தியர் கையுறையைக் கழற்றியிருப்பார், அடுத்த நோயாளி வெளியே காத்திருப்பார், எல்லோருக்கும் அவசரம். நோயாளியின் மூக்கிலோ அடைப்புத் துணி; மேலே, மூக்கு அசையாதிருக்கப் பத்தை கட்டியிருக்கும். மூச்சுக்கு வாய் ஒன்றே வழி. இப்போது குரல்வளை இறுகினால், புதிதாக நேராக்கிய மூக்கின் மேல் மாஸ்க்கை அழுத்திக் காற்று ஏற்றவும் கை தயங்கும். அண்ணத்துக்குப் பின்னால், மூக்கும் தொண்டையும் சந்திக்கும் குழியில் ஓர் இரத்தக்கட்டி ஒளிந்திருக்கலாம். குழாயைக் கழற்றிய பிறகு அது நழுவிக் குரல்வளை வாயில் அமர்ந்தால் மூச்சு முழுதாக அடைபடும். ஆங்கிலேய வைத்தியர்கள் அதற்கு "மரண விசாரணை அதிகாரியின் கட்டி" என்று பெயரிட்டிருக்கிறார்கள், பிரேத பரிசோதனையில்தான் அது பலமுறை கண்டெடுக்கப்பட்டது என்பதற்காக. ஆகையால் குழாயை எடுக்கும் முன் வெளிச்சம் பாய்ச்சி, கண்ணால் பார்த்து, அந்தக் குழியை உறிஞ்சித் துப்புரவாக்க வேண்டும். தொண்டையில் துணி வைத்திருந்தால் அதுவும் அப்போதே வெளியே வர வேண்டும். இரத்தம் வயிற்றுக்குப் போகாமலிருக்க வைக்கும் அந்தத் துணி, எடுக்க மறந்தால் தானே கொலைகாரனாகிவிடும். 2018 இல் பிரித்தானிய நிபுணர் சங்கங்கள் கூடி ஆராய்ந்து, அதை வழக்கமாக வைப்பதைப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தன. வைத்தே ஆக வேண்டுமென்றால், வைத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் சுவர்ப் பலகையில் எல்லோருக்கும் தெரிய எழுத வேண்டும்; துணியின் ஒரு நுனி வாய்க்கு வெளியே தொங்க வேண்டும்; கணக்கெடுக்கும் துணிகளோடு அதையும் எண்ண வேண்டும். நான் வேலை செய்த கூடத்தில் நோயாளியின் நெற்றியிலும் ஒரு பிளாஸ்டர் ஒட்டி "தொண்டையில் துணி" என்று எழுதுவோம். பார்வைக்கு அழகில்லை என்று ஒரு வைத்தியர் கோபித்தார். எங்கள் கூடத்துக்குப் பொறுப்பான மூத்த தாதி அதைக் கழற்ற விடவில்லை.

மரக்கச் செய்யும் ஊசியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 350 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் 17.5 மில்லிலீற்றரோடு எல்லை வந்துவிடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுகிறவர் ஏற்றிய அளவை உரத்துச் சொல்லவும், ஒருவர் அதை எழுதவும் வேண்டும். வலிப்போ இதயத் தடுமாற்றமோ வந்தால் கொடுக்க வேண்டிய 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அறையிலேயே இருக்க வேண்டும். முகத்தைப் போர்த்திய துணிக்கடியில் ஒட்சிசனைத் திறந்துவிட்டு, அதே இடத்தில் மின்சாரத்தால் இரத்தக் குழாயைச் சுடுவது தீப்பிடிக்கும் காரியம். முகம் வெந்துபோனவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியிருக்கின்றன.

மலையக மக்களைப் பற்றி, பேரவையின் கொழும்பு அலுவலகத்திலிருப்போர் அறிய வேண்டியவை சில உண்டு. முதலாவது வெற்றிலை. எங்கள் தோட்டங்களில் பாக்கும் புகையிலையும் இளவயதிலேயே வாய்க்குப் பழகிவிடுகின்றன. தொடர்ந்து பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உட்சதை இறுகி நாராகி, வாய் திறக்கும் அளவு வருடத்துக்கு வருடம் குறையும். சோறு சாப்பிட முடிகிறது என்பதால் அவர்களுக்கே அது தெரியாது. மூன்று விரல் நுழையாத வாயில் குழாய் செலுத்துவது எவ்வளவு கடினம் என்பதை மயக்கம் கொடுத்த பிறகு கண்டுபிடிப்பது மிகவும் பிந்திய கண்டுபிடிப்பு. மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே நோயாளியை நேரில் கண்டு, வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, பாக்குப் போடுவீர்களா, குறட்டை விட்டுத் திடுக்கிட்டு எழும்புவீர்களா, வீட்டில் எவருக்காவது மயக்க ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்க வேண்டும். விளம்பரப் பக்கத்தில் முன்பதிவு செய்து, அன்று காலையில்தான் முதன்முதலாக வைத்தியரைக் காண்கிற வழக்கத்தில் இதற்கு நேரம் ஏது?

அடுத்தது தேத்தண்ணி. "வெறும் வயிற்றோடு வரவும்" என்று சொன்னால், எங்கள் வீடுகளில் விடியற்காலையில் குடிக்கும் தேத்தண்ணியை எவரும் சாப்பாடாகக் கணக்கெடுப்பதில்லை. பால் கலக்காத பிளேன்டீயை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம். பால் தேத்தண்ணிக்கும் ரொட்டிக்கும் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். இந்த வித்தியாசத்தை நோயாளியின் மொழியில், நோயாளியின் சொல்லில் சொன்னால் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். அவ்வளவு சிறிய விடயத்தைச் சொல்லாமல் விட்டதால் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்கு ஏறிய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மொழியைச் சொல்லும்போது சம்மதப் பத்திரத்தையும் சொல்ல வேண்டும். 1987 இல் செய்யப்பட்ட பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. என் அண்ணன் மகள் கையொப்பமிட்ட பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. மயக்க மருந்து என்ற தலைப்பின் கீழ் அதில் இருந்தது ஒரே ஒரு வரி. தூக்க ஊசியா முழு மயக்கமா, கொடுப்பவர் யார், அவருடைய தகைமை என்ன, ஆபத்து நேர்ந்தால் எங்கே கொண்டு போவார்கள் என்ற நான்கு விடயங்களும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படாத பத்திரத்தை நீங்கள் சம்மதமாக ஏற்கக் கூடாது.

கடைசியாக, வீடு. "பின்னேரமே போய்விடலாம்" என்ற வாக்குறுதி, வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையில் கால் மணி நேரப் பயணம் உள்ளவர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. நமது பிள்ளை மூக்கில் அடைப்போடு, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, கினிகத்தேனை வளைவுகளிலோ றம்பொடை வளைவுகளிலோ பஸ்ஸில் குலுங்கி மேலே வர வேண்டும். விழுங்கிய இரத்தத்தால் குமட்டலும் வாந்தியும் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் சாதாரணம். வாந்தி வந்தால் மூக்கில் அழுத்தம் ஏறி மீண்டும் இரத்தம் வரும். ஹற்றனில் இறங்கிய பின்னும் தோட்டத்துப் பாதையில் முச்சக்கரவண்டி வேண்டும், மழை பெய்தால் அதுவும் வராது. அங்கே லயத்துக் காம்பராவில், நோவுக்குக் கொடுத்த டிரமடோலைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தால், நள்ளிரவில் இரத்தம் தொண்டைக்கு வடிவதை அவளுமறியாள், பக்கத்தில் படுத்திருப்போரும் அறியார். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடலோரத்தை விட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்கு அது ஒரு பொருட்டல்ல. மருந்து மயக்கத்தில் மூச்சு மந்தமானவருக்கு, கையிருப்பில் உள்ள ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைவு என்பதுதான் பொருள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். அது இலவசமும் கூட, நல்ல சேவையும் கூட. ஆனால் மலைப்பாதையில் அது வந்து சேர எடுக்கும் நேரத்தை, மூச்சடைத்தவர் தாங்கும் நான்கைந்து நிமிடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பாலிருந்து வருகிறவரை அன்றிரவு அனுப்பக் கூடாது என்ற விதியைப் பதிவு நிபந்தனையாகவே சேர்க்குமாறு கேட்கிறேன். அந்த இரவுக் கட்டிலுக்கு ஆகும் செலவை முதலிலேயே கட்டணத்தில் சேர்த்துச் சொல்லட்டும்.

இந்த மடலுக்கு ஒரு மறுப்பு வரும் என்று அறிவேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், அரச வைத்தியசாலைகளுக்கே மயக்க மருந்து நிபுணர்கள் போதவில்லை, தனியார் நிலையங்களுக்கு எங்கே போவது என்பார்கள். பற்றாக்குறை உண்மை, நான் அதை வாட்டுகளில் கண்டவள். அதற்காக நிபுணர் இல்லாமலே செய்துவிடலாம் என்பதை ஏற்க முடியாது. பிரசவத்துக்கோ குடல் வெடிப்புக்கோ காத்திருக்க நேரமில்லை, கிடைக்கிற கைகளை வைத்துக்கொண்டு துணிந்து இறங்கத்தான் வேண்டும். வளைந்த மூக்கு அடுத்த மாதம் வரை காத்திருக்கும். நிபுணர் கிடைக்கும் நாளில் செய்யட்டும், கிடைக்காவிட்டால் நோயாளியின் காசைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

ஆகவே, வருகிற புதுப்பித்தலின்போது மூக்குச் சத்திரசிகிச்சை செய்யும் ஒவ்வொரு நிலையத்திலும், தூக்க ஊசிக்கும் சேர்த்தே, சத்திரசிகிச்சை செய்பவரல்லாத தகைமை பெற்ற ஒரு மயக்க மருந்து வைத்தியர் ஆரம்பம் முதல் விழிப்பு வரும் வரை அறையில் இருப்பதற்கான பதிவேட்டைக் கேளுங்கள். கப்னோகிராஃபை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். உறிஞ்சும் இயந்திரம் மின்சாரம் நின்றாலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கழுத்தின் முன்பக்கம் திறக்கும் தட்டு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று, வைத்தியரிடம் கேட்காமல் அங்கே நிற்கும் இளைய தாதியிடம் கேளுங்கள். அவர் நேராக நடந்துபோய் எடுத்துத் தருகிறாரா, அங்குமிங்கும் தேடுகிறாரா என்று நின்று பாருங்கள். மயக்கம் தெளியும் இடத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு தாதி பக்கத்திலேயே நிற்கிறாரா, கட்டிலின் தலைமாடு உயர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

இதற்கென ஒரு பரிசோதனைக் குழு அமைக்கப்படுமானால், அதனோடு வந்து இவற்றைக் காட்டித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். சம்பளமோ படியோ வேண்டாம். இரண்டு நாள் முன்னதாக அறிவித்தால், ஹற்றனிலிருந்து காலை ரயிலில் ஏறி வந்துவிடுவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சைக்கூடத் தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
ஹற்றன்.